ஜாமீனில் வந்தவர் மறுபடி வீடு புகுந்தால்: நீதிபதிக்குப் பொறுப்பு உண்டா, வீட்டுக்காரர் எதுவரை போகலாம்?

வடக்குவீதி:

வணக்கம். எந்தக் குறிப்பிட்ட வழக்கையும் மனதில் வைத்து இதைக் கேட்கவில்லை. "ஜாமீனில் வெளியே வந்த பழைய குற்றவாளி மீண்டும் கைவரிசை" என்ற செய்தி அடிக்கடி கண்ணில் படுகிறது. கீழே வாசகர் கருத்துகளில் இரண்டு வகைக் கோபம். "ஜாமீன் கொடுத்த நீதிபதியை முதலில் உள்ளே போடு" என்பது ஒன்று. "வீட்டுக்குள் வந்தவனை அங்கேயே முடித்துவிட வேண்டும்" என்பது மற்றொன்று.

சட்டத்தில் இந்த இரண்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது? ஐந்து கன்னக்களவு வழக்கு உள்ள ஒருவர் ஜாமீனில் வந்து, ஆறாவதாக ஒரு வீட்டின் கிரில்லை நள்ளிரவில் அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரை வெளியே விட்ட நீதிபதி யாருக்காவது பதில் சொல்ல வேண்டுமா? வீட்டுக்காரர் இரும்புக் கம்பியால் அடித்து, வந்தவர் இறந்துவிட்டால் வீட்டுக்காரர் கதி என்ன? பழைய தண்டனைச் சட்டமான இ.பி.கோ. போய் புதிய பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்ததில் ஏதாவது மாறியிருக்கிறதா? பிரிவு எண்ணோடு சொன்னால் உபயோகமாக இருக்கும்.

குறுக்குவிசாரணை:

முதல் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். தற்காப்பு பற்றி சம்மன் சார் எழுதினால் நன்றாக இருக்கும், அவருக்கு அதில் கை தேர்ந்திருக்கிறது.

ஜாமீன் கொடுத்த முடிவு பின்னால் தப்பாகப் போனது என்பதற்காக மட்டும் நீதிபதி மேல் நஷ்டஈடு கேட்டும் போக முடியாது, குற்ற வழக்கும் போட முடியாது. 1850-ஆம் ஆண்டின் நீதித்துறை அலுவலர் பாதுகாப்புச் சட்டம் சிவில் வழக்கைத் தடுக்கிறது. 1985-ஆம் ஆண்டின் நீதிபதிகள் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 3, சிவில் கிரிமினல் இரண்டையும் தடுக்கிறது. பி.என்.எஸ். பிரிவு 15 (பழைய இ.பி.கோ. 77) நல்லெண்ணத்தோடு நீதிபதியாகச் செயல்பட்டுச் செய்தது குற்றமே ஆகாது என்கிறது.

இதில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சட்டத்துக்கு விரோதம் என்று தெரிந்தே, ஊழலாகவோ வன்மமாகவோ உத்தரவு போட்டால் பி.என்.எஸ். 257 (பழைய 219): ஏழு ஆண்டு வரை சிறை. காசு கைமாறியிருந்தால் ஊழல் தடுப்புச் சட்டமும் வரும். உயர்நீதிமன்ற நீதிபதியும் அந்தச் சட்டப்படி பொது ஊழியர்தான் என்று உச்சநீதிமன்றம் 1991-ல் சொன்னது நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கே. வீராசாமி வழக்கில்தான். ஆனால் அந்த மட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டுமானால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாக வேண்டும் என்ற வேலியையும் அதே தீர்ப்பு போட்டது. கீழமை நீதிமன்றத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால், 2012-ல் ஹைதராபாத் சி.பி.ஐ. நீதிமன்ற நீதிபதி ஒருவர் சுரங்க வழக்கில் ஜாமீனுக்குப் பணம் வாங்கியதாக இடைநீக்கம் செய்யப்பட்டுக் கைதும் ஆனார். அதாவது ஜாமீன் கொடுத்தது குற்றமாகவில்லை, விற்றதாகச் சொல்லப்பட்டதுதான் குற்றமானது.

துறை நடவடிக்கை? அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவுப்படி கீழமை நீதிபதிகள் உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். புகார் போனால் விழிப்புப் பிரிவு விசாரிக்கலாம். ஆனால் "தப்பான ஜாமீன்" என்ற ஒற்றைக் காரணம் அங்கும் நிற்காது. கே.பி. திவாரி வழக்கில் (1994) ஜாமீன் கொடுத்த செஷன்ஸ் நீதிபதி மேல் உயர்நீதிமன்றம் எழுதிய கடுமையான வரிகளை உச்சநீதிமன்றம் நீக்கியது. ரமேஷ் சந்தர் சிங் வழக்கில் (2007) கொலை வழக்கில் ஜாமீன் கொடுத்ததற்காக அலகாபாத் உயர்நீதிமன்றம் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையையே ரத்து செய்தது.

இது சரிதான் என்பது என் கட்சி. ஒவ்வொரு ஜாமீனுக்கும் வேலை போகும் என்றால் எந்த மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போடமாட்டார். ஐந்து வழக்கு உள்ளவருக்கு வக்கீல் இருப்பார், உயர்நீதிமன்றம் வரை போய் வெளியே வந்துவிடுவார். முதல் தடவை மாட்டிய, ஷ்யூரிட்டிக்கு ஆள் கிடைக்காத பையன்தான் உள்ளேயே கிடப்பான்.

கோபப்படுகிறவர்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று. "நீதிபதி விட்டுவிட்டார்" என்று சொல்லும் பல வழக்குகளில் நீதிபதிக்குத் தேர்வே கிடையாது. புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 187(3)-படி 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் கேட்டவருக்கு ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். வழக்கின் தன்மையையோ முந்தைய வழக்குகளையோ அங்கே பார்க்க முடியாது. 61-ஆம் நாள் காலையில் மனு போட்டால், அன்று மதியம் குற்றப்பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாலும் பலனில்லை. அந்தப் பொறுப்பு யாருடையது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சம்மன்:

அழைத்ததால் வந்தேன். முதலில் எண்கள்: தற்காப்பு உரிமை இ.பி.கோ.வில் 96 முதல் 106 வரை இருந்தது, பி.என்.எஸ்.ஸில் 34 முதல் 44 வரை. சரக்கு ஏறக்குறைய அதேதான். "இரவில் வீடு உடைத்தல்" என்று இருந்ததை "சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் வீடு உடைத்தல்" என்று மாற்றியிருக்கிறார்கள்.

உங்கள் உதாரணம் பிரிவு 41-ல் நேராக உட்காருகிறது. சொத்தைக் காக்க உயிரைப் பறிக்கும் அளவு வரை போகலாம் என்று சட்டம் அனுமதிப்பது நான்கு நிலைமைகளில்: கொள்ளை, இருட்டிய பிறகு வீடு உடைத்தல், குடியிருக்கும் கட்டடத்துக்கோ பொருள் வைக்கும் கட்டடத்துக்கோ தீ அல்லது வெடி வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க சூழலில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல். உடலைக் காப்பதற்குப் பிரிவு 38 தனியாக இருக்கிறது. வந்தவர் கையில் அரிவாளோ கடப்பாரையோ இருந்து உங்கள் மேல் பாய்ந்தால் பகலா இரவா என்ற கேள்வியே எழாது.

இப்போது சிக்கல்களுக்கு வருவோம்.

"வீடு உடைத்தல்" என்பதற்குப் பிரிவு 330-ல் ஆறு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. சுவரில் ஓட்டை போடுவது, ஆள் நுழைய அல்லாத வழியில் அல்லது சுவரேறி வருவது, பூட்டைத் திறப்பது, சாத்தியதைத் திறந்துகொண்டு வருவது, ஆளை அடித்து வழி உண்டாக்குவது என்று போகும். கிரில்லை அறுப்பது கேள்வியில்லாமல் இதற்குள் வரும். காற்றுக்காகத் திறந்துபோட்ட முன்கதவு வழியாக ஒருவர் சாதாரணமாக நடந்து வந்தால் அது வீட்டு அத்துமீறல், வீடு உடைத்தல் ஆகாமல் போகலாம். அப்போது பிரிவு 41-க்குப் போக அவரிடம் ஆயுதம் இருந்தது, மிரட்டினார் என்பது போன்ற வேறு ஆதாரம் வேண்டும். அதேபோல, கட்டடத்துக்குள் வராமல் வெட்டவெளித் தோட்டத்தில் தேங்காய் பறிப்பவரை அடிக்க இந்தப் பிரிவு உதவாது. தேங்காய்க்கு உயிர் ஈடில்லை என்று சட்டம் தெளிவாகவே நினைக்கிறது.

அடுத்தது நேரம். எல்லாத் தீர்ப்பும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். பிரிவு 43-படி, இரவு வீடு உடைத்தலுக்கு எதிரான உரிமை அவர் வீட்டுக்குள் இருக்கும்வரைதான். வெளியே குதித்துவிட்டால் அந்த உரிமை முடிந்தது. நகையோடு ஓடினால் திருட்டு என்ற தலைப்பில் உரிமை தொடரும்: பொருள் திரும்பக் கிடைக்கும்வரை, அல்லது அவர் தப்பிப் போகும்வரை, அல்லது போலீஸ் வரும்வரை. துரத்தலாம், மடக்கலாம், பறிக்கலாம், தேவைப்பட்டால் அடிக்கலாம். கொல்லும் உரிமை மட்டும் அந்தக் கட்டத்தில் கிடையாது. வெறுங்கையோடு ஓடுகிறவரின் பின்மண்டையில் அடித்தால் அது தற்காப்பாக நிற்பது ரொம்பக் கஷ்டம். ஜெய் தேவ் வழக்கில் (1963) ஆபத்து விலகி எதிராளிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது சுட்டதைத்தான் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை.

அளவு மூன்றாவது. பிரிவு 37(2): தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. பயத்தில் இருக்கிறவன் ஒவ்வொரு அடியையும் தங்கத் தராசில் நிறுத்துப் போடமுடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. தர்ஷன் சிங் வழக்கில் (2010) இதற்கான பத்துக் கொள்கைகள் ஒரே இடத்தில் தொகுத்திருக்கின்றன, தேடிப் படியுங்கள். ஓடி ஒளிய வேண்டிய கடமையும் உங்களுக்கு இல்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை அறிக்கை பேசும். முன்பக்கம் இரண்டு காயம் என்றால் ஒரு கதை. விழுந்த பிறகு பட்டது போல முதுகிலும் பிடரியிலும் பன்னிரண்டு காயம் என்றால் வேறு கதை.

எல்லை தாண்டிவிட்டால் உடனே கொலைக் குற்றம் என்று பயப்பட வேண்டாம். பிரிவு 101-ன் இரண்டாவது விதிவிலக்கு இருக்கிறது. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமில்லாமல், தற்காப்பில் அளவு மீறியிருந்தால் அது கொலையாகாத மரணம் விளைவித்தல், பிரிவு 105. தண்டனை அதிலும் கடுமைதான், கொல்லும் நோக்கம் இருந்தது என்று கண்டால் 5 முதல் 10 ஆண்டு அல்லது ஆயுள்.

பொறி வைக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வைக்கக் கூடாது. செருபின் கிரகரி வழக்கு (1964). கழிப்பறைக்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் வெற்றுக் கம்பியைக் கட்டினார், உள்ளே வந்த பெண் இறந்தார், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான இ.பி.கோ. 304ஏ தண்டனை உறுதியானது. அத்துமீறி வந்தவர்தானே என்ற வாதம் எடுபடவில்லை. இப்போது அது பிரிவு 106(1), உச்சத் தண்டனை இரண்டு ஆண்டிலிருந்து ஐந்தாகிவிட்டது. காட்டுப்பன்றிக்கு என்று தோட்டத்தில் மின்வேலி போடுகிறவர்கள் இதைப் படித்தால் நல்லது.

புதுப்பேட்டைக்காரன்:

இரண்டு பேரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் கேள்வியின் ஆத்திரத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. டாக்டர் தப்பு செய்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். என்ஜினீயர் கட்டிய பாலம் விழுந்தால் கைது. நீதிபதிக்கு மட்டும் ஏன் இந்தக் குடை? அமெரிக்காவில் நீதிபதியையே மக்கள் ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டாலும் அங்கே கேள்வி கிடையாது என்கிறார்கள்.

குறுக்குவிசாரணை:

புதுப்பேட்டை நண்பரே, அமெரிக்காவில் குடை இன்னும் பெரியது. 1978-ல் ஸ்டம்ப் எதிர் ஸ்பார்க்மேன் வழக்கில், பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அவளுக்கே தெரியாமல் கருத்தடை அறுவைக்கு உத்தரவு போட்ட நீதிபதி மேல்கூட நஷ்டஈட்டு வழக்கு செல்லாது என்றது அந்த நாட்டு உச்சநீதிமன்றம். ஓட்டுப் போட்டு அனுப்பியது உண்மை. கலிபோர்னியாவில் 2018-ல் ஏரன் பெர்ஸ்கி என்ற நீதிபதி அப்படிப் பதவி இழந்தார். ஆனால் அவரைத் தேர்தலில்தான் தோற்கடித்தார்கள், வழக்குப் போட்டு அல்ல. அந்த வசதி எல்லா மாநிலத்திலும் இல்லை. வீட்டுக்குள் வந்தவரைச் சுடுவதற்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், "கேள்வி கிடையாது" என்பது மிகை.

டாக்டர் உவமை இங்கே ஒட்டாது. டாக்டரின் தவறை மேலே உள்ள இன்னொரு டாக்டர் மறுநாள் திருத்தி எழுத முடியாது. ஜாமீன் உத்தரவைத் திருத்தலாம். அதற்கான கதவுகளை யாரும் தட்டுவதில்லை என்பதே என் ஆதங்கம். நீரு யாதவ் வழக்கில் (2014) சரித்திரப் பதிவேடு உள்ளவரின் முந்தைய வழக்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் உயர்நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஆஷிஷ் மிஸ்ரா வழக்கில் (2022) ரத்து செய்து ஒரு வாரத்தில் சரணடையச் சொன்னது. நீதிபதி யாரும் சிறைக்குப் போகவில்லை. உத்தரவு போனது, அதுதானே தேவை?

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலுவையில் பல வழக்கு இருக்கிறது என்பதே ஜாமீனை மறுக்கப் போதாது என்று பிரபாகர் திவாரி வழக்கு (2020) சொல்கிறது. ஆகவே "அஞ்சு கேஸ் இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் பயன் இல்லை. எந்தெந்தக் குற்ற எண், எந்த நிலையம், எது விசாரணையில், எதில் தண்டனை, எதில் ஜாமீனில் இருக்கும்போதே அடுத்தது நடந்தது என்று தேதியோடு காட்ட வேண்டும்.

பழைய ரைட்டர்:

அந்தப் பட்டியல் எங்கே தயாராகிறது என்பதை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். ரிமாண்ட் ரிப்போர்ட்டில் முந்தைய வழக்குகளைச் சேர்ப்பது நிலையத்து வேலை. பெரும்பாலும் தன் நிலையத்து வழக்குகளையும், தெரிந்தால் பக்கத்து நிலையத்தையும் எழுதுவார்கள். வேறு மாவட்டத்தில் இருப்பது விட்டுப்போகும். ஜாமீன் மனுவின் நோட்டீஸ் ஏ.பி.பி.க்கு (உதவி அரசு வழக்கறிஞர்) வந்து, அவர் நிலையத்திடம் விவரம் கேட்டு, ஆய்வாளர் பந்தோபஸ்தில் இருந்து, ஏட்டு ஒருவர் அரைப்பக்கக் குறிப்போடு நீதிமன்றத்துக்கு வருவார். மாஜிஸ்திரேட் முன்னால் இருப்பது அந்த அரைப்பக்கம்தான்.

இதைவிடப் பெரிய ஓட்டை பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை வேறு வழக்குக்காக நீதிமன்றத்துக்கு வரவழைக்கும் ஆணை. ஒருவர் ஒரு வழக்கில் சிறையில் இருக்கும்போது, பிற நிலையங்களில் அவர் மேல் உள்ள வழக்குகளில் முறைப்படி கைது காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் உள்ளே இருக்கும் ஒரே வழக்கில் ஜாமீன் கிடைத்த அன்றே கதவு திறந்துவிடும். வேறு வழக்கில் கைது வாரண்ட் நிலுவையில் இருக்கிறவரே சிறையிலிருந்து நிம்மதியாக வெளியே நடந்து போவது இப்படித்தான்.

அப்புறம் கண்டிஷன். "தினமும் காலை 10.30-க்கு நிலையத்தில் கையெழுத்து" என்று உத்தரவு வரும். வராத நாளுக்கு நிலையம் உடனே நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்புவதில்லை. சில வாரம் கழித்து அதே ஆள் கண்டிஷனைத் தளர்த்தச் சொல்லி மனுப் போடுவார், எதிர்ப்பு இல்லை என்று போய்விடும்.

நிலையத்தின் கையில் வேறு கருவிகளும் உண்டு. பழக்கக் குற்றவாளி என்றால் பி.என்.எஸ்.எஸ். 129-ன்கீழ் நன்னடத்தைப் பிணைமுறி, நிர்வாக நடுவர் முன்னால், அதிகபட்சம் மூன்று ஆண்டு. காவல் துணை ஆணையர்களே நிர்வாக நடுவராக உட்காரும் ஏற்பாட்டைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. பிடிப்பவரும் விசாரிப்பவரும் ஒரே துறையாக இருக்கக் கூடாது என்பது நியாயமே. குண்டர் சட்டம் (தமிழ்நாடு 14/1982) போட்டால் 12 மாதம் வரை உள்ளே, ஜாமீன் என்ற பேச்சே இல்லை. ஆனால் அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், அறிவுரைக் கழகத்துக்கு மூன்று வாரத்தில் அனுப்ப வேண்டும், கைதிக்குத் தெரிந்த மொழியில் எல்லாப் பக்கமும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மங்கலாக இருந்தாலும் உயர்நீதிமன்றத்தில் ஆணை விழும். அவசரத்தில் தட்டிய ஆணைகள்தான் அதிகம் விழுகின்றன, அதையும் நீதிபதி கணக்கில் எழுதுகிறோம்.

இன்னொன்று: பி.என்.எஸ். 13. சொத்துக் குற்றத்தில் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ தண்டிக்கத்தக்க ஒன்றில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் மறுபடி அதே வகைக் குற்றம் செய்தால் பத்து ஆண்டு அல்லது ஆயுள் வரை போகலாம். இதைக் கேட்க முதலில் பழைய தண்டனையின் தீர்ப்பு நகல் குற்றப்பத்திரிகையோடு இருக்க வேண்டும். ஐந்து வழக்கும் நிலுவையிலேயே இருந்தால் இந்தப் பிரிவு செத்த பிரிவு. சாட்சிக்குச் சம்மனைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் காட்டும் சுணக்கம் இங்கே வந்து நிற்கும்.

வடக்குவீதி:

எதிர்பார்த்ததைவிட நிறைய. நன்றி. அப்படியானால் திருட்டுக் கொடுத்த வீட்டுக்காரர், அதாவது புகார்தாரர், ஜாமீன் கட்டத்தில் என்ன செய்யலாம்? அவருக்கு நோட்டீஸ் வருமா?

குறுக்குவிசாரணை:

வராது. பாலியல் வன்கொடுமையின் சில பிரிவுகளில் புகார்தாரர் தரப்பு ஆஜராவது கட்டாயம். கன்னக்களவுக்கு அப்படி இல்லை. தானாகத் தேடித்தான் போக வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் பி.என்.எஸ்.எஸ். 173(2)-படி இலவசம், அதில் குற்ற எண்ணும் நிலையமும் இருக்கும். நீதிமன்ற வழக்கு விவரம் காட்டும் இகோர்ட்ஸ் செயலியில் எஃப்.ஐ.ஆர். எண்ணைப் போட்டால் அதில் தாக்கலான மனுக்கள் தெரியும். மாஜிஸ்திரேட்டிடமும் செஷன்ஸிலும் சி.ஆர்.எல்.எம்.பி., உயர்நீதிமன்றத்தில் சி.ஆர்.எல்.ஓ.பி. என்று எண் வரும். கைதான மறுநாளிலிருந்தே பாருங்கள், மனு போட்டு இரண்டு மூன்று நாளில் உத்தரவு வந்துவிடும். அதற்குள் வக்கீல் மூலம் டிஃபாக்டோ கம்ப்ளெய்னன்ட் (புகார்தாரர்) என்ற முறையில் இடையீட்டு மனு போடலாம். வழக்கை நடத்துவது அரசு வழக்கறிஞர்தான், உங்கள் வக்கீல் அவருக்கு உதவுபவர் (பிரிவு 18(8), 338). ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு என்று ஆஷிஷ் மிஸ்ரா தீர்ப்பில் எழுதியிருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

ஜாமீன் கொடுத்த பிறகு என்றால் இரண்டு பாதை, கலந்துவிடாதீர்கள். உத்தரவே ஓட்டை, முக்கியமானதைப் பார்க்கவே இல்லை என்றால் அதை மேல் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்க வேண்டும். இதற்குப் புதிய நடத்தை எதுவும் தேவையில்லை (மஹிபால் வழக்கு, 2020). உத்தரவு சரி, ஆனால் வெளியே வந்து மறுபடி குற்றம் செய்தார் அல்லது மிரட்டினார் என்றால் ஜாமீனைத் திரும்பப் பெறும் மனு. ஜாமீன் கொடுத்த மாஜிஸ்திரேட்டிடமே பி.என்.எஸ்.எஸ். 480(5)-ல், செஷன்ஸிலோ உயர்நீதிமன்றத்திலோ 483(3)-ல். புதிய குற்றத்தின் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்ட் உத்தரவு, பழைய ஜாமீன் உத்தரவில் "இதே வகைக் குற்றம் செய்யக் கூடாது" என்ற கண்டிஷன் இருக்கும் பக்கம், மூன்றையும் இணையுங்கள். போலீஸ் போடாவிட்டால் நீங்கள் போடலாம். மதுரை மாவட்ட வழக்கு ஒன்றில் 75 வழக்கறிஞர்கள் கொடுத்த மனுவின் மேலேயே உயர்நீதிமன்றம் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம் என்று ஆர். ரத்தினம் வழக்கில் (2000) உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பெரும்பாலும் தோற்பது எங்கே? இரண்டாவது பாதையில் போய் முதல் பாதையின் காரணங்களை எழுதுவது. "இவர் கெட்டவர், கொடுத்திருக்கக் கூடாது" என்று திரும்பப் பெறும் மனுவில் எழுதினால் தள்ளுபடிதான். கொடுத்ததைப் பறிக்க வலுவான புதிய சங்கதி வேண்டும் என்று தவுலத் ராம் வழக்கு (1995) காலத்திலிருந்தே நிலைத்த சட்டம்.

சம்மன்:

வீட்டுக்காரர் பக்கம் நடைமுறையை முடித்துவிடுகிறேன். தற்காப்பு என்பதைக் காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மேல் (புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ., பிரிவு 108). சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்பு சாட்சியை வைத்தே காட்டலாம். எனவே அன்று இரவு என்ன மிச்சமாகிறது என்பதுதான் வழக்கு.

100 அல்லது 112-க்கு முதல் அழைப்பு உங்களுடையதாக இருக்க வேண்டும். நேரம் பதிவாகும். அடிபட்டவருக்கு 108-ஐயும் நீங்களே கூப்பிடுங்கள், ஆத்திரத்தில் கிடக்க விட்டார் என்ற வாதம் எடுபடாது. அறுத்த கிரில், கழன்ற பூட்டு, அவர் கொண்டுவந்த ஆக்ஸா பிளேடு, உங்கள் கம்பி எதையும் தொடாதீர்கள், ரத்தத்தைக் கழுவாதீர்கள். "மாடியிலிருந்து தானே விழுந்தான்" என்று ஒரு பொய் சொன்னால் தற்காப்பு வாதம் அங்கேயே நொண்டியாகும்.

உங்களுக்குச் சிராய்ப்புதான் என்றாலும் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (காயப் பதிவேடு) போடுங்கள். "அடையாளம் தெரியாத ஒருவர், இன்ன ஆயுதத்தால், இன்ன நேரத்தில், என் வீட்டுக்குள்" என்று டாக்டரிடம் சொல்வதுதான் பதிவாகும் முதல் வாசகம். அதே இரவில் உங்கள் புகாரும் எழுத்தில் போக வேண்டும். இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். ஆனால் ஒரே அதிகாரி இரண்டையும் சேர்த்து விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று முடிவெடுக்க வேண்டும் என்பது காவல் நிலையாணை. உங்கள் புகாரே இல்லை என்றால் கோப்பில் ஒரு கதைதான் இருக்கும்.

சிசிடிவி இருந்தால் டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி) கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே ஓடுவது சகஜம். போன் நேரத்தோடு எவ்வளவு வித்தியாசம் என்று குறித்து, மகஜரிலும் (போலீஸ் எழுதும் இடப் பார்வைக் குறிப்பு) எழுதச் சொல்லுங்கள். ஹார்ட் டிஸ்க் சில நாளில் பழையதன் மேலேயே எழுதிவிடும், அதனால் ஒப்படைக்கும்வரை ரெக்கார்டிங்கை நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் வெட்டி அனுப்பிய துண்டு நீதிமன்றத்தில் ஏறாது. பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழ், ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்), இரண்டு பகுதியும் நிரப்பியது வேண்டும்.

பிடிபட்டவரைத் தூணில் கட்டி அடிப்பது இன்னும் நடக்கிறது. பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை உண்டு (பி.என்.எஸ்.எஸ். 40), ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். கட்டிய பிறகு விழும் முதல் அடியே தற்காப்பு கிடையாது. கேரளத்தின் அட்டப்பாடியில் 2018-ல் திருடினார் என்று பழங்குடி இளைஞர் ஒருவரைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள், அவர் இறந்தார். 2023-ல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, அதில் 13 பேருக்கு ஏழு ஆண்டு கடுங்காவல்.

மறுபக்கம், போலீஸ் கட்டத்திலேயே முடிந்த வழக்குகளும் உண்டு. 2021 ஜனவரியில் சோழவரம் பகுதியில் கத்தி முனையில் பாலியல் வன்முறைக்கு முயன்றவரைக் கொன்ற இளம்பெண்ணை, இ.பி.கோ. 100 (இப்போதைய பி.என்.எஸ். 38) பொருந்தும் என்று மாவட்டக் காவல்துறை விடுவித்தது. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே அரிவாளோடு வந்தவர்களை நாற்காலியாலேயே விரட்டிய முதிய தம்பதிக்கு அரசு வீர விருதே கொடுத்தது. இரண்டாவதில் சிசிடிவி பதிவு இருந்ததைக் கவனியுங்கள்.

வடக்குவீதி:

கடைசியாக ஒன்று: இரவில் வீடு புகுந்தவர் இறந்துவிட்டால் வீட்டுக்காரரைக் கைது செய்வது கட்டாயமா?

சம்மன்:

கட்டாயமில்லை. ஆனால் பெரும்பாலும் முதலில் பி.என்.எஸ். 103 (கொலை) அல்லது 105-ல் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டுத்தான் யோசிப்பார்கள். விசாரணையில் தற்காப்பு என்று தெரிந்தால் பிரிவை மாற்றி நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பலாம், வழக்கை முடித்தும் வைக்கலாம். கைதுக்கு முன்பே பி.என்.எஸ்.எஸ். 482-ல் முன்ஜாமீன் கேட்க வாய்ப்பு உண்டு. கைதானால் விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க பி.என்.எஸ்.எஸ். 38 உரிமை தருகிறது, முழு நேரமும் கூட உட்கார வைக்க முடியாது என்றாலும். நிலையத்தில் நீட்டும் வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. ஜாமீன் மனுவில் உங்கள் ஏ.ஆர். நகலும், உடைந்த கிரில்லின் படமும், வந்தவரின் முந்தைய வழக்குப் பட்டியலும் இணைப்பாகப் போகட்டும். அந்தப் பட்டியல் எங்கே தயாராகிறது என்று பழைய ரைட்டர் மேலே சொன்னதைப் பாருங்கள். குற்ற எண் கிடைத்தால் இகோர்ட்ஸிலேயே பாதி வந்துவிடும்.